ஒரு மணி நேரத்தின் விலை

உலகத்திலே விலை அதிகமான பண்டங்கள் எவை என்று கேட்டால், வைரம், மாணிக்கம், குங்குமப்பூ என்று ஜாபிதா போடுவார்கள். அந்த ஜாபிதாவில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். மத்திய ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா தேசத்தில் விற்கப்படும் ஒரு மணி நேரம்தான் அது. அங்கே எரிமலைக் காட்டில் வாழும் ஒரு கொரில்லாக் குடும்பத்தின் எதிரே நின்று ஒரு மணி நேரம் பார்ப்பதற்கு, வெளிநாட்டார் ஒருவர் செலுத்த வேண்டிய கட்டணம் 1,500 அமெரிக்க டாலர். நம்முடைய பணத்தில் ஒன்றேகால் லக்ஷம் ரூபாய்க்கும் மேலே! இவ்வளவு கொடுத்தும், தொடக் கூடாது. கிட்டே நெருங்கக் கூடாது. தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அறுபது நிமிஷம் ஆனதும் மறுபேச்சில்லாமல் திரும்பிவிட வேண்டும்.

"இது பகற்கொள்ளை அல்லவா?" என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். செல்வர்களின் பொழுதுபோக்குக்காக ஓர் ஏழைத் தேசம் தன் காட்டைக் கடைச்சரக்காக்கி விட்டதா? அல்லது அந்தச் செல்வர்களின் பணத்தைக் கொண்டே தன் காட்டையும் குடிகளையும் காப்பாற்றிக்கொள்கிறதா? இந்தக் கேள்வியுடன்தான் நாம் ருவாண்டாவுக்குப் பிரயாணமானோம். நாலைந்து வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அந்த ஒரு யாத்திரையில் கரைந்தது.

ஆயிரம் மலைகளின் நாடு

ருவாண்டா மிகச் சிறிய தேசம். அதன் விஸ்தீரணம் 26,338 சதுர கிலோமீட்டர். நம்முடைய கேரள ராஜ்யத்தைக் காட்டிலும் சிறியது. 2022-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அதில் வசிப்பவர்களோ 1 கோடியே 32 லக்ஷம் பேர். "ஆயிரம் மலைகளின் நாடு" என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. எண்ணிப் பார்த்தவர் யாரும் இல்லை என்றாலும், தலைநகரமாகிய கிகாலியிலிருந்து வடமேற்கே முஸான்ஸே என்னும் ஊருக்கு மோட்டாரில் போகிறவர்கள், அந்தப் பெயரில் மிகை சிறிதும் இல்லை என்று சத்தியம் செய்வார்கள். ஒரு மலையைச் சுற்றி ஏறி இறங்கினால் எதிரே இன்னொரு மலை. அதையும் தாண்டினால் மற்றொன்று. ஒவ்வொரு மலையும் அடிவாரத்திலிருந்து உச்சி வரையில் உழுது பயிரிடப்பட்டிருக்கிறது. வாழை, அவரை, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு என்று சிறுசிறு பாத்திகள் ஒட்டுப் போட்ட போர்வையைப் போலக் காட்சி அளிக்கின்றன. சும்மா கிடக்கும் தரை என்று ஒரு முழ நிலத்தைக்கூடக் காண்பது அரிது.

சாலைகளின் சுத்தத்தைக் கண்டு வியந்தோம். பிளாஸ்டிக் பைகளை 2008-ஆம் வருஷத்திலேயே சட்டம் போட்டு ஒழித்து விட்டார்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் ஊரார் எல்லோரும் கூடிச் சாலையும் வாய்க்காலும் செப்பனிடுவது அங்கே வழக்கம். அதற்கு 'உமுகாண்டா' என்று பெயர். 1994-ஆம் வருஷத்தில் நூறு நாட்களுக்குள் சுமார் எட்டு லக்ஷம் பேர், பெரும்பாலும் டூட்ஸி இனத்தார், வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்ட பூமி இது. அப்படிப்பட்ட தேசம் மறுபடி எழுந்து நின்று, வீதியைப் பெருக்கி, பயிரிட்டு, விருந்தாளியை வரவேற்கிறதென்றால் அது சாமானிய விஷயம் அல்ல.

முஸான்ஸேயை நெருங்கியதும் வானத்தில் எரிமலைகள் தோன்றின. ருவாண்டாவின் பங்குக்கு ஐந்து மலைகள். எல்லாவற்றிலும் பெரியது கரிஸிம்பி, 4,507 மீட்டர் உயரம். ஸாபின்யோ என்னும் மலையின் உச்சி பல்லும் பொக்கையுமாக இருக்கிறது. அந்தப் பெயருக்கே 'கிழவனின் பற்கள்' என்று பொருளாம். இந்தக் கிழவனின் தலையில்தான் ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஆகிய மூன்று தேசங்களின் எல்லைகள் ஒன்றுகூடுகின்றன.

காடு சுருங்கிய கதை

1902-ஆம் வருஷத்தில் ஸாபின்யோ மலையில் ஏறிய பெரிங்கே என்னும் ஜெர்மானிய ராணுவ அதிகாரி, இரண்டு பெரிய குரங்குகளைச் சுட்டு வீழ்த்தினார். ஐரோப்பிய சாஸ்திரிகள் ஆராய்ந்து, இது உலகம் அறியாத மிருகம் என்று சொல்லி, சுட்டவருடைய பெயரையே அதற்குச் சூட்டினார்கள். மலையடிவாரத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக அதை 'இங்காகி' என்று அழைத்து வந்ததைப்பற்றி யாரும் கேட்கவில்லை. 1925-இல் பெல்ஜிய ஆட்சியாளர்கள் அந்த மலைகளைக் காப்புக்காடாக்கித் தங்கள் அரசர் ஆல்பர்ட்டின் பெயரை வைத்தார்கள். ஆப்பிரிக்கா கண்டத்தின் முதல் தேசியப் பூங்கா என்ற பெருமை அதற்கு உண்டு. காடு ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது. அடிமைத்தனத்தில் இதெல்லாம் சகஜந்தானே!

சுதந்திரம் வந்த பிறகும் காட்டுக்கு விமோசனம் வரவில்லை. 1960-களின் இறுதியில், பூச்சிமருந்துக்கான பைரித்ரம் செடியைப் பயிரிட்டு ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யலாம் என்று ஒரு திட்டம் வந்தது. அதற்காகச் சுமார் 100 சதுர கிலோமீட்டர் காட்டை வெட்டினார்கள். இப்போது ருவாண்டாவின் எரிமலைப் பூங்காவில் எஞ்சியிருப்பது சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான்.

1967-இல் டயன் ஃபாஸி என்னும் அமெரிக்கப் பெண்மணி கரிஸிம்பிக்கும் விஸோகேக்கும் நடுவே கூடாரம் அடித்துக் கொரில்லாக்களோடு பழகத் தொடங்கினார். அவருக்கு மிகவும் பிரியமான டிஜிட் என்னும் கொரில்லாவை 1977 டிஸம்பர் 31-ஆந் தேதி வேட்டைக்காரர்கள் ஈட்டியால் குத்திக் கொன்று, தலையையும் கைகளையும் வெட்டிக்கொண்டு போனார்கள். 1985 டிஸம்பரில் அந்த அம்மையாரும் தம் குடிசையிலேயே கொலையுண்டார். 1981-ஆம் வருஷத்துக் கணக்கில் விருங்கா மலைகள் அனைத்திலும் மிஞ்சியிருந்த கொரில்லாக்கள் 254.

1970-களின் முடிவில், மீதமிருந்த காட்டிலும் ஒரு பகுதியை அழித்து மாட்டுப் பண்ணை அமைக்கும் யோசனை ஒன்று எழுந்தது. அப்போது அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பில் வெபர், ஏமி வெடர் என்னும் தம்பதிகள் சர்க்காரிடம் வேறொரு கணக்கைக் காட்டினார்கள். "மாட்டைவிடக் கொரில்லா அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும். சிலரைச் சிறு கூட்டமாக அழைத்துப் போய்க் காட்டிக் கட்டணம் வாங்குங்கள்" என்றார்கள். ஃபாஸி அம்மையாருக்கு இந்த யோசனை பிடிக்கவேயில்லை. மனிதர் காலடி படாதிருப்பதே காட்டுக்குக் காவல் என்பது அவர் கட்சி. இரண்டு கட்சியிலும் நியாயம் உண்டு. ஆனால் பசித்த தேசத்திடம் "தொடாதே" என்று மட்டும் சொல்லி ஒரு காட்டைக் காப்பாற்றிவிட முடியுமா?

அந்த ஒரு மணி

காலை ஏழு மணிக்குக் கினிகி என்னும் கிராமத்திலுள்ள பூங்காத் தலைமையகத்தில் கூடினோம். எட்டு எட்டுப் பேராகப் பிரித்தார்கள். மனிதருக்குப் பழகிய கொரில்லாக் குடும்பங்கள் சுமார் பன்னிரண்டு உண்டு. ஒரு குடும்பத்தை ஒரு நாளைக்கு எட்டுப் பேர்தான் பார்க்கலாம். அதுவும் ஒரே தடவை, ஒரு மணி நேரம். ஆகவே உலகம் முழுவதிலிருந்தும் எத்தனை பேர் வந்து காத்திருந்தாலும், ஒரு நாளைக்கு நூறு பேருக்குக்கூட இடமில்லை. சரக்கைப் பெருக்க முடியாது, விலையைத்தான் பெருக்கலாம். 2017-ஆம் வருஷத்தில் 750 டாலராக இருந்த கட்டணத்தை ஒரே நாளில் 1,500 ஆக்கியதன் சூக்ஷ்மம் இதுதான். அண்டையிலுள்ள உகாண்டாவில் ஏறக்குறைய இதில் பாதிதான் வாங்குகிறார்கள். ருவாண்டாப் பிரஜைகளுக்கு மிகக் குறைந்த கட்டணம். தங்கள் காட்டைப் பார்க்கத் தங்களுக்கு அந்நிய விலை எதற்கு?

சளி, இருமல் உள்ளவர்களுக்கு அனுமதியில்லை. மனிதருடைய சாதாரண ஜலதோஷம் கொரில்லாவுக்கு எமனாகிவிடும். எல்லோரும் முகமூடி கட்டிக்கொள்ள வேண்டும். பத்து மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. இந்தச் சட்டங்களையெல்லாம் வழிகாட்டி பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

காட்டின் ஓரத்தில் சீருடையணிந்த சுமைகூலிகள் வரிசையாக நின்றார்கள். நம் தோளிலிருந்த பையைப் பார்த்து வழிகாட்டி புன்னகை புரிந்தார். "இந்தப் பையை நீங்களே தூக்கலாம், ஐயா! ஆனாலும் ஓர் ஆளை அமர்த்திக்கொள்ளுங்கள். இவர்களில் பலர் முன்பு இதே காட்டில் கண்ணி வைத்தவர்கள்" என்றார். அப்படியே ஒருவரை அமர்த்திக்கொண்டோம். ஐம்பது வயது இருக்கும். வழுக்குச் சேற்றில் நம்மைக் கைபிடித்து ஏற்றிவிட்ட அந்தக் கையைப் போன்ற உறுதியான கையை நாம் அதிகம் கண்டதில்லை.

உருளைக்கிழங்கு வயல் முடிகிற இடத்தில் ஒரு கருங்கல் மதில். எழுபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்த மதிலைக் காட்டெருமைகள் வயலில் இறங்காமல் தடுப்பதற்காகக் கட்டியிருக்கிறார்கள். மதிலுக்கு இப்பால் ஒரு பெண் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். மதிலுக்கு அப்பால் மூங்கில் காடு. இரண்டுக்கும் இடையே ஒரு பாழ் நிலம், ஒரு புதர்வேலி எதுவும் கிடையாது. காடும் கழனியும் இப்படித் தோளோடு தோள் உரசும் காட்சியைக் கண்டபோதுதான், இங்கே ஒரு கொரில்லா உயிரோடிருப்பதற்கு இந்தப் பெண்ணின் சம்மதமும் வேண்டும் என்பது விளங்கிற்று.

மூங்கிலைக் கடந்து, தொட்டால் தீயாய் எரியும் காஞ்சொறிச் செடிகளினூடே இரண்டு மணி நேரம் ஏறினோம். விடியுமுன்பே காவலர்கள் சென்று, முந்திய இரவு கொரில்லாக்கள் இலைதழைகளால் கட்டிக்கொண்ட படுக்கைகளைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தடம் பற்றிப் போய்க் குடும்பம் இருக்குமிடத்தைத் தெரிவித்திருந்தார்கள். பைகளையும் கைத்தடிகளையும் ஓரிடத்தில் வைத்துவிட்டு, பத்தடி நடந்தோம். வழிகாட்டி தொண்டையைக் கனைப்பது போல ஒரு தாழ்ந்த ஓசை எழுப்பினார். அதே ஓசை புதருக்குள்ளிருந்து பதிலாக வந்தது.

முதுகில் வெள்ளி மயிர் படர்ந்த ஆண் கொரில்லா உட்கார்ந்து காட்டுச் செலரித் தண்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. நாம் கரும்பு தின்பதுபோலவே மேல் தோலைப் பல்லால் கிழித்து எறிந்து, உள்ளிருந்த தண்டைக் கடித்தது. எட்டு மனிதர்கள் கடல் கடந்து வந்து எதிரில் நிற்பதை அது ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. தாய் ஒன்று மல்லாந்து படுத்திருந்தது. அதன் வயிற்றின் மேல் ஒரு குட்டி ஏறுவதும் சறுக்குவதுமாக இருந்தது. சற்றே பெரிய குட்டி ஒன்று மார்பில் தட்டிக்கொண்டு நம்மை நோக்கி ஓடி வந்தது. பத்து மீட்டர் சட்டத்தை அது படித்ததில்லை போலும்; நாம்தான் பின்வாங்கினோம். தாய் எழுந்து வந்து அதன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. திருவிழாக் கூட்டத்தில் துஷ்டப் பிள்ளையைத் தாய்மார் இழுத்துச் செல்வதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

"மணியாயிற்று" என்று வழிகாட்டி மெதுவாகச் சொன்னார்.

பணம் எங்கே போகிறது?

இறங்கும் வழியில் நமது சுமைகூலியிடம் பேச்சுக் கொடுத்தோம். வழிகாட்டி மொழிபெயர்த்தார். அவருடைய தகப்பனாரும் மான் பிடிக்கக் கண்ணி வைத்தவராம். அந்தக் கண்ணியில் சில சமயம் கொரில்லாக் குட்டியின் கையோ காலோ மாட்டிக்கொள்ளும். "அப்போது காட்டுக்குள் போனால் ஒரு வேளை இறைச்சி, பிடிபட்டால் சிறை. இப்போது காட்டுக்குள் போனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்: "ஒரு தடவை எருமை என் கிழங்கைத் தின்றுவிட்டது. அது யார் எருமை என்று கேட்டேன். சர்க்கார் எருமை என்றார்கள். அப்படியானால் கிழங்கும் சர்க்கார் கிழங்குதானா என்று கேட்டேன்!" வனமிருகங்களால் நேரும் நஷ்டத்துக்கு ஈடு கொடுக்க ஒரு நிதி இருக்கிறது. அதில் அவருக்கும் பணம் வந்தது; ஆனால் கிழங்கு விதைக்கும் பருவம் தப்பிய பிறகு வந்தது.

பூங்காக்களின் வருமானத்தில் ஒரு பங்கை அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு 2005-இல் தொடங்கிற்று. முதலில் 5 சதவிகிதம்; 2017-இல் கட்டணம் உயர்ந்தபோது 10 சதவிகிதம். நாம் கொடுத்த 1,500 டாலரில் 150 டாலர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மலையைச் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதைப் பங்கிட்டால் ஒருவர் கையிலும் நிற்காது. ஆகையால் அது பள்ளிக்கூட அறையாகவும், வைத்தியசாலையாகவும், மழைநீர்த் தொட்டியாகவும் மாறுகிறது. எரிமலை மண்ணில் தண்ணீர் நிற்பதில்லை. முன்பு ஜனங்கள் தண்ணீருக்காகவே காட்டுக்குள் நுழைவார்கள். ஊரில் ஒரு தொட்டி கட்டினால் காட்டில் நூறு காலடி குறைகிறது.

செல்வர்கள் தங்கும் மாளிகைகளும் மலையடிவாரத்தில் எழும்பியிருக்கின்றன. ஓரிரவுக்கு ஆயிரம் டாலர், அதற்கும் மேலே வாங்குகிறார்கள். அவற்றில் தங்க நமக்குச் சக்தியில்லை. வெளியிலிருந்து பார்த்துத் திருப்தியடைந்தோம். 2017-இல் திறந்த பிஸாதே என்னும் விடுதி, பழைய ருவாண்டா அரசர்களின் கூரை மாளிகையைப் போன்ற உருவத்தில் குன்றின் மேல் அமைந்திருக்கிறது. பயிரிட்டு மொட்டையாகிப்போன அந்தக் குன்றில், விடுதிக்காரர்கள் நாட்டு மரக்கன்றுகளைப் பல்லாயிரக்கணக்கில் நட்டு மறுபடியும் காடாக்கி வருகிறார்கள். 2007-இல் ஏற்பட்ட ஸாபின்யோ விடுதியோ கிராமத்தாரின் சங்கத்துக்கே சொந்தம். விருந்தாளி கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்தச் சங்கத்துக்குச் சேர்கிறது. மாளிகை கட்டியவர்கள் எல்லோரும் தர்மவான்கள் என்று நாம் சொல்லவில்லை. நிலமும் காடும் யாருடையவோ, அவர்கள் கையில் சாவி இருந்தால், செல்வரின் ஆடம்பரங்கூட ஊருக்கு ஒரு கிணறாகும் என்றுதான் சொல்கிறோம்.

பலன் என்ன? 254 ஆக இருந்த விருங்காக் கொரில்லாக்கள், 2016-இல் முடிந்த கணக்கில் 604 ஆயின. உகாண்டாவின் ப்விண்டிக் காட்டில் 2018-ஆம் வருஷத்துக் கணக்குப்படி 459. மொத்தம் 1,063. இந்த இனம் வேறெங்கும் இல்லை; மிருகக்காட்சிசாலைகளிலும் இல்லை. 2018-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார், மிகமிக அபாய நிலையிலிருந்த ஜாபிதாவிலிருந்து இதை ஒரு படி கீழே இறக்கினார்கள். தினந்தோறும் காவலர்களும் மிருக வைத்தியர்களும் பின்தொடர்ந்து பாதுகாக்கும் குடும்பங்கள்தான் விசேஷமாகப் பெருகின என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள்.

குட்டிகளுக்குப் பெயர் வைப்பதற்கு 2005 முதல் ஒரு திருவிழா நடத்துகிறார்கள். 'க்விடா இஸினா' என்று அதற்குப் பெயர். குழந்தை பிறந்தால் சுற்றத்தாரைக் கூட்டிப் பெயரிடும் தங்கள் குலவழக்கத்தையே கொரில்லாக் குட்டிக்கும் செய்கிறார்கள். சுட்டவருடைய பெயரைச் சூட்டிய காலம் போய், ஊரார் தங்கள் சொந்த மொழியில் பெயர் சூட்டும் காலம் வந்திருக்கிறது. விலையையும் அவர்களே நிர்ணயிக்கிறார்கள். இவ்விரண்டும் ஒரே சுதந்திரத்தின் இரண்டு கைகள்.

மதிலுக்கு இப்பால்

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்தக் காடுகளில் ஆதியில் வசித்தவர்கள் பட்வா என்னும் வனவாசிகள். காட்டைக் காப்பதற்காக அவர்களை வெளியேற்றினார்கள். பலருக்கு மாற்று நிலம் கிடைக்கவில்லை. இன்று அவர்களில் சிலர் விருந்தாளிகளுக்கு ஆடிப்பாடிப் பிழைக்கிறார்கள். மற்றவர்களைக் காட்டிலும் அவர்கள் ஏழைகளாகவே இருக்கிறார்கள்.

விருந்தாளியை நம்பிய பிழைப்புக்கும் ஓர் அபாயம் உண்டு. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவியபோது பூங்காவை மூடினார்கள். விடுதிகள் வெறிச்சோடின, சுமைகூலிகளுக்கு வேலை போயிற்று. காவலர்களை மட்டும் நிறுத்தாமல் வைத்திருந்தபடியால் கொரில்லாக்கள் பிழைத்தன.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை இனிமேல்தான். கொரில்லாக்கள் பெருகப் பெருகக் காடு போதவில்லை. குடும்பங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. சண்டையில் குட்டிகள் சாகின்றன. ஆகவே பூங்காவைச் சுமார் 23 சதவிகிதம் விஸ்தரிக்கச் சர்க்கார் திட்டமிட்டிருக்கிறது. முன்பு பைரித்ரத்துக்காக வெட்டிய நிலத்தில் ஒரு பகுதி மீண்டும் காடாகும். ஆனால் அந்த நிலத்தில் இப்போது உழுது உண்பவர்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பத்தார். அவர்களுக்குப் புதிய வீடும் பள்ளியும் பிழைப்பும் அமைத்துக் கொடுத்து, படிப்படியாக இடம் மாற்றுவதாகத் திட்டம். எரிமலை மண்ணைப் போலக் கிழங்கு விளையும் மண் வேறெங்கும் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

1,500 டாலர் அதிகமா என்று கேட்டால், நமது அபிப்பிராயம் இதுதான்: ஒரு மணி நேரக் காட்சிக்கு அது அதிகம், ஒரு காட்டின் வாடகைக்கு அது அதிகமில்லை. அந்த வாடகையை நெடுங்காலமாகச் செலுத்தி வருகிறவர்கள் மதிலுக்கு இப்பால் கிழங்கு தோண்டும் ஜனங்களே. விருந்தாளியின் பணம் அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி. பட்வா மக்களுக்கு அந்தப் பாக்கி இன்னும் தீரவில்லை. நிலத்தை விட்டுப் புறப்படப்போகிற குடும்பங்களுக்காவது அது பருவம் தப்பாமல் போய்ச் சேருமானால், ருவாண்டா கேட்கும் விலை நியாயமான விலைதான்.